அத்தியாயம் 7: விழுந்துகிடக்கும் பங்கை வாங்கும் முன்

2019 ஜூன் 20. ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் பறப்பதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மும்பையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அந்தக் கம்பெனி மீதான திவால் மனுவை அன்றைக்குத்தான் ஏற்றுக்கொண்டது. பங்குச் சந்தையிலோ அதே நாளில் ஜெட் பங்கு 90 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அன்று வாங்கி, விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு 2024 நவம்பர் 7 அன்று பதில் கிடைத்தது. சொத்துகளை விற்றுக் கம்பெனியை மூடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

500 ரூபாய்க்கு விற்ற பங்கு 50 ரூபாய்க்கு வந்தால் கை துறுதுறுக்கும். 90 சதவீதம் விழுந்ததில் இன்னும் என்ன விழ இருக்கிறது என்று தோன்றும். 50 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அந்த 50 ரூபாயும் முழுதாகப் போகலாம். ஆகவே விலையை இப்போதைக்கு மறந்துவிட்டு, கடன் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியதைத் தந்த பிறகு இந்தக் கம்பெனியில் ஏதாவது மிஞ்சுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கடைசிப் பந்தி

2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கம்பெனியை விற்று வரும் பணம் யாருக்கு முதலில் போகும் என்பதை வரிசைப்படுத்துகிறது. முதலில் திவால் நடைமுறைக்கான செலவு. பிறகு ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும் தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும். அதன்பின் மற்ற ஊழியர்கள், ஈடில்லாமல் நிதிக் கடன் கொடுத்தவர்கள், அரசுப் பாக்கி, மீதிக் கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். சாதாரணப் பங்குதாரருக்குக் கடைசிப் பந்தி. பெரும்பாலான திவால் வழக்குகளில் இலை போடும் முன்பே சோறு தீர்ந்துவிடுகிறது.

திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் கதை இதற்குத் தெளிவான உதாரணம். பிரமல் குழுமம் 34,250 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. பெரிய குழுமம், பெரிய தொகை. செய்தியைப் பார்த்ததும் பங்கு, ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டைத் தொட்டது. அந்தத் திட்டத்திலோ பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று இருந்தது. சில நாளில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. பங்கு பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கம்பெனி பிழைத்தது, பங்குதாரர் பிழைக்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள்.

என்னென்ன வேண்டும்?

எல்லாம் இலவசம். மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் கம்பெனியின் பெயரைப் போட்டால் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகள், எட்டு காலாண்டு முடிவுகள், பங்குதாரர் விவரப் பட்டியல், சந்தைக்கு அனுப்பிய அறிவிப்புகள் ஆகியவை கிடைக்கும். கிரிசில், இக்ரா, கேர் போன்ற ரேட்டிங் நிறுவனங்களின் தளங்களில் கடன் தர மதிப்பீட்டுக் குறிப்புகள் இருக்கும். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும். தலைவரின் உரையும் வண்ணப் படங்களும் உள்ள முதல் பக்கங்களை ஒதுக்கிவிடலாம்.

படி 1: ஆடிட்டரிடமிருந்து தொடங்குங்கள்

ஆண்டறிக்கையின் பிற்பகுதியில் ஆடிட்டர் அறிக்கை இருக்கும். அதில் தேடவேண்டிய சொற்கள் மூன்று.

1. 'கோயிங் கன்சர்ன்': கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான சந்தேகம் இருப்பதாக ஆடிட்டர் தனித் தலைப்பில் எழுதியிருந்தால், அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறில்லை.
2. 'குவாலிஃபைட்': கணக்கின் ஒரு பகுதியை ஆடிட்டர் ஏற்கவில்லை என்று அர்த்தம். எந்தப் பகுதி, எத்தனை கோடி என்று குறித்துக்கொள்ளவும்.
3. 'எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்': கணக்கு சரிதான், ஆனால் இந்த விஷயத்தைக் கவனியுங்கள் என்ற குறிப்பு. பார்க்க சாதாரணமாகத் தெரியும். அது சுட்டும் குறிப்பு எண்ணைத் தேடிப் படிக்காமல் விடக்கூடாது.

அடுத்து, ஆடிட்டர் அறிக்கையோடு வரும் 'காரோ 2020' என்ற இணைப்பு. பலர் இதைத் திறப்பதே இல்லை. தங்கச் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. 7ஆம் பத்தியில் வருமான வரி, பிராவிடண்ட் ஃபண்ட், ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கும். ஊழியர்களின் பி.எஃப். பணத்தையே கட்டாமல் வைத்திருக்கும் கம்பெனியிடம் கையில் காசு இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 9ஆம் பத்தி எந்தக் கடனை எத்தனை நாள் கட்டாமல் விட்டது என்று சொல்லும். குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட காலச் செலவுக்குப் போட்டார்களா என்பதும் அதில்தான். ஓராண்டுக்குள் கட்டவேண்டியதைக் கட்ட முடியுமா என்று ஆடிட்டர் தன் கருத்தைச் சொல்வது 19ஆம் பத்தியில்.

குறிப்பு: பாதியில் விலகும் ஆடிட்டரைக் கவனிக்கவும். வடோதராவின் மன்பசந்த் பெவரேஜஸ் கம்பெனியில் 2018 மே மாத இறுதியில், ஆண்டு முடிவுகள் வெளியாகச் சில நாட்களே இருந்த நேரத்தில், டெலாய்ட் விலகியது. பங்கு நாள்தோறும், ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டில் சிக்கியது. விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் இல்லை. ஆடிட்டர் விலகினால், 'வேலைப் பளு' என்ற காரணத்தை அப்படியே நம்பாமல் விலகல் கடிதத்தை எடுத்துப் படிக்கவேண்டும்.

படி 2: லாபத்தை விடுங்கள், ரொக்கம் வந்ததா?

லாபம் ஏட்டில் எழுதப்படுவது. ரொக்கம் வங்கிக்கு வருவது. ரொக்க ஓட்ட அறிக்கையில் 'தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கம்' என்ற வரியை ஐந்து ஆண்டுக்குக் கூட்டவும். அதே ஐந்து ஆண்டின் நிகர லாபத்தையும் கூட்டி அருகருகே எழுதவும். லாபம் 500 கோடி, வந்த ரொக்கம் 80 கோடி என்றால் மீதி எங்கே? பெரும்பாலும் வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியிலோ, விற்காத சரக்கிலோ முடங்கியிருக்கும். விற்பனை 10 சதவீதம் கூடி, வரவேண்டிய பாக்கி 60 சதவீதம் கூடியிருந்தால் அந்த விற்பனையையே சந்தேகிக்கலாம்.

கையிருப்பு ரொக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. சேர்ந்திருப்பதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் பொய். ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்ட கணக்கு அது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை:

1. இரண்டு ஆண்டுகளின் ரொக்கம், வைப்புத்தொகை இவற்றின் சராசரியை எடுக்கவும்.
2. ரொக்க ஓட்ட அறிக்கையில் 'பெற்ற வட்டி' வரியைப் பார்க்கவும். லாபக் கணக்கில் உள்ள வட்டி வருமானம் இங்கே உதவாது. அதில் கைக்கு வராத வட்டியும் சேர்ந்திருக்கும்.
3. வட்டியை இருப்பால் வகுக்கவும். வங்கிகள் 6, 7 சதவீதம் தரும் காலத்தில் விடை 2 சதவீதம் என்றால் பணம் நடப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது, அல்லது ஆண்டு முழுவதும் இல்லாமல் மார்ச் 31க்காக மட்டும் வந்து போகிறது, அல்லது இல்லவே இல்லை.
4. பெரிய ரொக்க இருப்பும் அதிக வட்டிக் கடனும் ஒன்றாக இருந்தால், கையில் காசை வைத்துக்கொண்டு ஏன் கடன் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்குக் கம்பெனி எங்காவது பதில் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கவும்.

படி 3: வட்டி கட்டும் வலு, இந்த ஆண்டுத் தவணை

வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால் வகுக்கவும். நிலம் விற்ற லாபம் போன்ற ஒருமுறை வரவுகளை முதலில் கழித்துவிடவேண்டும். லாபம் 120 கோடி, வட்டி 150 கோடி என்றால் விடை 0.8, வட்டி கட்டவே புதுக் கடன் வாங்கும் கம்பெனி. 1.5க்குக் கீழே இருந்தாலே ஒரு மோசமான காலாண்டைத் தாங்காது.

வட்டி கட்டும் வலு சரியாக இருந்தும் கம்பெனிகள் கவிழ்வதுண்டு. காரணம் அசல். அடுத்த 12 மாதத்தில் திருப்பவேண்டிய தொகையை, ரொக்கத்தோடும் தொழிலில் வரும் ரொக்கத்தோடும் ஒப்பிடவும். 2021க்குப் பிந்தைய பேலன்ஸ் ஷீட்டில், நீண்ட காலக் கடனின் இந்த ஆண்டுத் தவணையும் 'குறுகிய காலக் கடன்' என்ற தலைப்பில்தான் வரும். பழைய ஆண்டறிக்கைகளில் 'இதர நிதிப் பொறுப்புகள்' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது கடன் திடீரென்று கூடிவிட்டதாகப் பதறவேண்டாம்.

கணக்குகள் தனிக் கம்பெனிக்கும் குழுமத்துக்கும் தனித்தனியாக வரும். எப்போதும் குழுமக் கணக்கை எடுக்கவும். துணை நிறுவனத்தில் கடனை ஏற்றிவிட்டுத் தாய்க் கம்பெனியைச் சுத்தமாகக் காட்டுவது பழைய வித்தை.

படி 4: ஏட்டுக்கு வெளியே நிற்கும் கடன்

'தற்செயல் பொறுப்புகள்' என்ற குறிப்பைத் தேடவும். வழக்கில் இருக்கும் வரி, மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்த ஜாமீன் எல்லாம் அங்கே இருக்கும். அந்தக் கூட்டுத்தொகை கம்பெனியின் நிகர மதிப்பில் பாதியைத் தாண்டினால் ஒவ்வொரு வரியையும் படிக்கவேண்டும்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குத் தரவேண்டிய வருவாய்ப் பங்கு பற்றிய வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதுவரை வழக்காகத் தொங்கிக்கொண்டிருந்த தொகை நிஜக் கடனானது. வோடஃபோன் ஐடியா அந்தச் செப்டம்பர் காலாண்டுக்குக் காட்டிய நஷ்டம் சுமார் 50,900 கோடி ரூபாய். இந்தியக் கம்பெனி எதுவும் அதற்குமுன் ஒரே காலாண்டில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை.

படி 5: புரமோட்டர் என்ன செய்கிறார்?

கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர் பேட்டியில் என்ன சொல்கிறார் என்பதைவிட, தன் பங்குகளை என்ன செய்கிறார் என்பதே முக்கியம். பங்குதாரர் விவரப் பட்டியல் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் வரும். நான்கு காலாண்டுகளை வரிசையாக வைத்து, புரமோட்டர் பங்கு சதவீதத்தையும் அதில் அடமானம் வைத்த சதவீதத்தையும் குறிக்கவும். விலை விழ விழக் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். தரமுடியாவிட்டால் சந்தையில் விற்பார். விற்றால் விலை இன்னும் விழும். சத்யத்தில் 2008 டிசம்பரில் அதுதான் நடந்தது. அப்போது அடமானத்தை வெளியே சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. அந்த ஊழலுக்குப் பிறகுதான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதைக் கட்டாயமாக்கியது. இன்றைய முதலீட்டாளருக்கு அந்தத் தகவல் கையிலேயே இருக்கிறது. பயன்படுத்தாமல் விடுவது வீண்.

புரமோட்டரின் பாதிப் பங்குக்கு மேல் அடமானத்தில் இருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் ஒதுங்குவதே நல்லது.

படி 6: ரேட்டிங்கும் சந்தை அறிவிப்புகளும்

ரேட்டிங் எழுத்தை மட்டும் பார்ப்பவர் பாதிதான் பார்க்கிறார். உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை மிக உயர்ந்த 'ஏஏஏ' தரத்தில் இருந்தது. செப்டம்பர் நடுவில் 'டி', அதாவது கடனைக் கட்டத் தவறியது என்ற நிலை. ரேட்டிங் பெரும்பாலும் தாமதமாக வரும் செய்தி. ஆனால் அதனுடன் வரும் இரண்டு, மூன்று பக்கக் குறிப்பில் கையிருப்பு எவ்வளவு, வங்கி வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்தியாயிற்று, அடுத்த தவணை எப்போது என்ற விவரங்கள் இருக்கும். 'வெளியீட்டாளர் ஒத்துழைக்கவில்லை' என்ற முத்திரை இருந்தால், கம்பெனி தகவல் தர மறுக்கிறது என்று பொருள்.

ஜென்சால் எஞ்சினியரிங் விவகாரத்தில் ரேட்டிங் நிறுவனங்களே விசிலடித்தன. கடனைச் சரியாகக் கட்டிவருவதாகக் கம்பெனி காட்டிய கடிதங்களை, கடன் கொடுத்தவர்களிடமே கேட்டுச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. 2025 மார்ச்சில் தரம் 'டி' ஆனது. ஏப்ரல் 15 அன்று வந்த செபியின் இடைக்கால உத்தரவு இன்னும் விவரமானது: மின்சார கார்கள் 6,400 வாங்க 663.89 கோடி ரூபாய் கடன் பெற்ற கம்பெனி, 567.73 கோடிக்கு 4,704 கார்களையே வாங்கியிருந்தது.

அறிவிப்புகளில் பார்க்கவேண்டியவை:

1. வங்கிக் கடன் தவணை 30 நாளுக்கு மேல் தவறினால் 24 மணி நேரத்துக்குள் சந்தைக்குச் சொல்லவேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. ஒரே ஒரு அறிவிப்பு வந்திருந்தாலும் படி 3க்குத் திரும்பவும்.
2. முடிவுகளைத் தள்ளிப்போட்டார்களா? ஜெட் ஏர்வேஸ் 2018 ஆகஸ்ட் 9 அன்று ஜூன் காலாண்டு முடிவுகளை வெளியிடாமல் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 27 அன்று வெளியானபோது நஷ்டம் 1,323 கோடி. 2019 ஜனவரி தொடக்கத்தில் கடன் தவணை தவறிய அறிவிப்பு. ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம். முதல் அறிகுறிக்கும் முடிவுக்கும் இடையில் எட்டு மாதம் இருந்தது.
3. நிதிப் பொறுப்பாளர், தனி இயக்குநர்கள் அடுத்தடுத்து விலகுகிறார்களா?

படி 7: பிழைத்தால் உங்கள் பங்கு எவ்வளவு?

சிக்கலில் உள்ள கம்பெனி பிழைக்கப் புதுப் பணம் வேண்டும். புதுப் பணம் என்றால் புதுப் பங்கு. 2025இல் வோடஃபோன் ஐடியாவின் பாக்கியில் 36,950 கோடி ரூபாயை மத்திய அரசு பங்காக மாற்றிக்கொண்டது. 10 ரூபாய் வீதம் 3,695 கோடி புதுப் பங்குகள். அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. அதற்கு முன்பு அந்தக் கம்பெனியில் 1 சதவீதம் வைத்திருந்தவருக்கு ஏறத்தாழ 0.66 சதவீதமே மிஞ்சியது. அவர் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை.

கணக்கு இது: அடுத்த 12 மாதத்தில் எத்தனை கோடி தேவை என்று படி 3இலிருந்து எடுக்கவும். அதை இன்றைய பங்கு விலையால் வகுத்தால் எத்தனை புதுப் பங்கு வரும் என்று தெரியும். பழைய எண்ணிக்கையோடு கூட்டி, கம்பெனி மீண்டால் வரக்கூடிய லாபத்தை அந்த மொத்தத்தால் வகுக்கவும். பங்கு ஒன்றுக்கு வரும் அந்த லாபத்தை இன்றைய விலையோடு ஒப்பிட்டால், பல 'மலிவு'ப் பங்குகள் இந்த இடத்தில் மலிவாக இருப்பதில்லை.

வங்கிப் பங்கு என்றால்

மேலே சொன்ன கடன் விகிதங்கள் வங்கிக்குப் பொருந்தாது. கடன் வாங்கிக் கடன் கொடுப்பதுதான் அதன் தொழிலே. இங்கே மூன்று எண்கள்: கொடுத்த கடன்களின் ஆபத்துக்கு ஏற்ப வங்கியிடம் உள்ள மூலதனத்தைச் சொல்லும் மூலதனப் போதுமை விகிதம், மொத்த வாராக் கடன், அதற்கான ஒதுக்கீடு போக மிஞ்சும் நிகர வாராக் கடன். மூலதன விகிதம் இப்போது 11.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொண்டால், 2018, 2019, 2020 என மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் சேர்த்தது. 2020 மார்ச்சில் மூலதன விகிதம் 1.12 சதவீதம், மொத்த வாராக் கடன் 25 சதவீதத்துக்கு மேல். எல்லாம் வெளியிட்ட எண்கள்தான். நவம்பர் 17 அன்று பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. 27ஆம் தேதி வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைந்தது. டெபாசிட்தாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. 'நம்ம ஊர் பேங்க், விட்டுவிடமாட்டார்கள்' என்று வாங்கியவர்களின் கணிப்பு பாதி சரி: வங்கியை விட்டுவிடவில்லை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒன்று, 52 வார உச்ச விலையை அளவுகோலாக வைப்பது. அந்த உச்சம் வேறொரு கம்பெனிக்குச் சந்தை தந்த விலை. கடன் ஏறியபின் இருப்பது இன்னொரு கம்பெனி.

இரண்டு, விலை இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைப்பது. நல்ல கம்பெனியில் இது பலன் தரலாம். இங்கே ஓட்டைப் பெரிதாக்கும்.

மூன்று, 'பெரிய முதலீட்டாளர் வருகிறார்' என்ற செய்தியை நம்பி ஓடுவது. வருகிறவர் என்ன விலைக்கு, பழைய பங்குதாரருக்கு என்ன விட்டுவைத்து வருகிறார் என்று பார்க்காதவர்கள்தான் திவான் ஹவுசிங்கில் அப்பர் சர்க்யூட்டில் வாங்கினார்கள்.

நான்கு, டெலிகிராம் குழு டிப்ஸ். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பாதுகாப்பு வேலி

1. மொத்தப் பங்கு முதலீட்டில் 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் போடவேண்டாம். முழுதும் போனாலும் தூக்கம் கெடாத தொகையாக இருக்கட்டும்.
2. கடன் வாங்கியோ, புரோக்கர் தரும் மார்ஜின் வசதியிலோ வாங்கக்கூடாது.
3. சந்தைகளின் 'ஜி.எஸ்.எம்.', 'ஏ.எஸ்.எம்.' கண்காணிப்புப் பட்டியலில் பங்கு இருக்கிறதா என்று வாங்கும் நாளிலேயே பார்க்கவும். ஜி.எஸ்.எம்.மின் கடுமையான கட்டங்களில் வாரத்தில் ஒரு நாள்தான் வர்த்தகம் நடக்கும். விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் 'ஸ்டாப் லாஸ்' ஆர்டர் அங்கே உதவாது. லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளில்லாதபோது எந்த ஆர்டரும் நிறைவேறாது.
4. திவால் மனு ஏற்கப்பட்ட கம்பெனியின் பங்கைத் தொடவேண்டாம். விதிவிலக்குகள் உண்டு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்லட்டும்.

எப்போது வாங்கலாம்?

காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் 2012 அக்டோபரில் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பித்தர முடியாமல் தவறியது. 2008 ஜனவரியில் 400 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2020 மார்ச்சில் 2 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அந்த அடிமட்டத்தில் வாங்கியிருந்தால் என்று கணக்குப் போடுவது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அப்போது அந்தக் கம்பெனி மேலே சொன்ன எந்தப் படியையும் தாண்டியிருக்காது. வாங்கியவருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

2020 நடுவில் வங்கிகள் சுஸ்லானின் கடனை மறுசீரமைத்தன. 2022 அக்டோபரில் பங்கு ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 1,200 கோடி ரூபாய்க்குப் பழைய பங்குதாரர்களுக்கான உரிமைப் பங்கு வெளியீடு நடந்தது. அந்தப் பணம் முக்கியமாகக் கடனை அடைக்கவே போனது. 2023 ஆகஸ்டில் நிறுவன முதலீட்டாளர்களிடமிருந்து மேலும் 2,000 கோடி. ஒவ்வொரு கட்டத்திலும் கடனும் வட்டியும் குறைவது காலாண்டு முடிவுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. 5 ரூபாய்க்கு வாங்கியவர் அடிமட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு விலை கொடுத்தார். 2024 செப்டம்பரில் பங்கு 80 ரூபாயைத் தாண்டியபோது, அந்தக் கூடுதல் 3 ரூபாய் அவரை உறுத்தியிருக்காது. 2008 ஜனவரியில் வாங்கி வைத்திருந்தவரோ அப்போதும் நஷ்டத்தில்தான் இருந்தார்.

ஆகவே வாங்கும் ஆர்டரைப் போடும் முன் மூன்று வரி நோட்டில் எழுதவும்: கடன் கடந்த நான்கு காலாண்டில் எவ்வளவு குறைந்தது, அது எந்தப் பணத்தால் குறைந்தது, எந்தச் செய்தி வந்தால் விற்கப்போகிறோம். மூன்றாவது வரியில் தேதியும் எண்ணும் இருக்கவேண்டும். 'வட்டி கட்டும் வலு 1.5க்குக் கீழே போனால்', 'புரமோட்டர் அடமானம் 10 சதவீதம் கூடினால்', 'காலாண்டு முடிந்து 45 நாளில் (மார்ச் காலாண்டு என்றால் 60 நாளில்) முடிவு வராவிட்டால்' என்று எழுதலாம். முதல் பார்வை, காலாண்டு முடிந்த 22ஆம் நாள்: பங்குதாரர் பட்டியலில் அடமானம். இரண்டாம் பார்வை, 46ஆம் நாள் (மார்ச் காலாண்டுக்கு 61ஆம் நாள்): வட்டி, கடன், ஆடிட்டர் குறிப்பு. எழுதியவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் அடுத்த நாள் காலைச் சந்தை திறந்ததும் விற்பனை ஆர்டர் போகவேண்டும்.